பக்க எண் வீச்சு: துணைநூற்பட்டியலிலும் பொருளடைவிலும் ஒரே சீராக எழுத

321–328, 321–28, 321–8. மூன்றும் 321ஆம் பக்கம் முதல் 328 வரை என்ற ஒரே வீச்சுதான். ஒரே நூலில் மூன்றும் கலந்து வந்தால்தான் சிக்கல்.

எனவே மெய்ப்புப் பார்க்கும் முன்பே பாணியை முடிவு செய்யுங்கள். ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ மூன்றும் மேற்கோள் குறிக்கப் பரவலாகப் பயன்படும் ஆங்கிலப் பாணிகள். ஏபிஏ முழு எண்ணையே கேட்கிறது. எம்எல்ஏ 99க்கு மேல் கடைசி இரண்டு இலக்கங்களைப் போடும்: 103–04. சிகாகோ முறையில் முதல் எண் 100க்குக் கீழோ நூறின் மடங்காகவோ இருந்தால் முழு எண் (71–72, 100–104). முதல் எண் 101 முதல் 109 வரை, 201 முதல் 209 வரை என்பது போல இருந்தால் மாறும் இலக்கம் மட்டும் (107–8). மற்றவற்றுக்கு இரண்டு இலக்கம், தேவையானால் கூடுதலாக (321–28, 498–532). கடைசி எடுத்துக்காட்டில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இரண்டு இலக்கம் போதும் என்று "498–32" என எழுதினால் வீச்சு பின்னோக்கிப் போய்விடும். பதிப்பகம் எதையும் வற்புறுத்தாவிட்டால் முழு எண்ணே நல்லது. ஓரிரு இலக்கங்களை மிச்சப்படுத்தி என்ன லாபம்? ரோமன் எண்களை எந்த முறையிலும் சுருக்கக் கூடாது.

ஒரு பக்கத்துக்கு "ப.", பலவற்றுக்கு "பக்.". நடுவில் வருவது சிறுகோடு அல்ல, சற்றே நீண்ட என்-கோடு. இருபுறமும் இடைவெளி வேண்டாம். விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்தியபடி எண் தட்டில் 0150; மேக்கில் ஆப்ஷனும் சிறுகோடும். லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் இரண்டு சிறுகோடுகள். வாக்கியத்துக்குள் "45–52 வரை" என்பது இரட்டிப்பு. "45 முதல் 52 வரை" என்று எழுதுங்கள்.

வேர்டில் மொத்தமாகத் திருத்த, கோட்டைச் சுற்றியுள்ள இடைவெளிகளை முதலில் நீக்குங்கள். பிறகு தேடி மாற்றும் பெட்டியில் வைல்ட்கார்டு (பொதுக்குறி) வசதியைத் தேர்ந்து, தேடும் பெட்டியில் ([0-9])-([0-9]), மாற்றும் பெட்டியில் \1^=\2 இடுங்கள். "எல்லாவற்றையும் மாற்று" பொத்தானைத் தொடாதீர்கள்: ஐஎஸ்பிஎன், தேதி, இணைய முகவரி எல்லாம் சேர்ந்து மாறிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

பட்டியலை எக்செலில் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. 10-12 என்று தட்டினால் அது தேதியாகிவிடும். எண்களை இடும் முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பிறகு மாற்றினால் பழைய எண் திரும்பாது. துணைநூல் விவரங்களைச் சேமிக்கும் சொட்டீரோ மென்பொருளில் எப்போதும் முழு எண்ணையே சேமியுங்கள். அதன் பாணிக் கோப்பில் சுருக்கும் விதி இருந்தால் அதுவே சுருக்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் நீங்கள் இட்டது அப்படியே அச்சாகும்.

நூலின் கடைசியில் வரும் பொருளடைவில் ஒரு பெயருக்கு எதிரே 45–47 என்றால் அந்தப் பக்கங்களில் பேச்சு தொடர்ந்து ஓடுகிறது என்று பொருள். மூன்று பக்கங்களிலும் பெயர் தற்செயலாகத் தலைகாட்டினால் 45, 46, 47 என்றே தனித்தனியாகப் போட வேண்டும். இந்த வேறுபாடு எந்த மென்பொருளுக்கும் தெரியாது. பக்கத்தைப் படித்துத்தான் முடிவு செய்ய முடியும். பக்க அமைப்பு இறுதியான பிறகே எண்களை நிரப்புங்கள். ஒரு படம் நகர்ந்தாலும் அதற்குப் பின்னுள்ள எண்கள் தவறிப்போகலாம்.