முடியைப் பார்த்து மூர்த்தியை அறிய

சிற்பத்தில் கையும் ஆயுதமும் உடைந்துபோயிருந்தாலும் தலை மிஞ்சியிருந்தால் பெரும்பாலும் யாரென்று சொல்லிவிடலாம். நெற்றிப் பட்டத்துக்கு மேலே பாருங்கள்.

முதலில் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழில் முடி என்றால் தலைமயிர். முடி என்றால் மகுடமும்தான். முடிதல் என்பது கட்டுதல், முடிச்சிடுதல். 'கிரவுன்' வந்த வழி வேறு: லத்தீனில் 'கொரோனா' என்றால் மாலை. புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் கிரீடத்தையும் 'கூரோன்' என்பார்கள், சாவுக்கு வைக்கும் மலர்வளையத்தையும் 'கூரோன்' என்பார்கள். நம் சிற்பிக்கு மயிரே மகுடம். சடாமகுடம் அதுதான்.

சடாமகுடத்தில் திரித்த சடைப்புரிகள் தனித்தனியாகத் தெரியும். மேலே தூக்கிக் கட்டியிருக்கும். பிறை, பாம்பு, ஊமத்தம்பூ இருந்தால் சிவன். இவை இல்லாமல் சடாமகுடம் மட்டும், கூடவே பல முகங்கள் என்றால் பிரம்மா. கிரீட மகுடம் உயர்ந்த உருளை, மேலே போகப் போகக் குறுகி மொட்டில் முடியும், திருமாலுக்கு உரியது. கரண்ட மகுடம் சட்டிகளைப் பெரிதிலிருந்து சிறிதாகக் கவிழ்த்து அடுக்கியது போல இருக்கும். கரண்டம் என்றால் சிமிழ், சிறு கூடை. வெற்றிலைப் பெட்டியில் கிடக்கும் சுண்ணாம்புக் கரண்டகத்தை நினைத்துக்கொண்டால் பெயர் மறக்காது. அம்மன், பிள்ளையார், முருகன் ஆகியோருக்குப் பெரும்பாலும் இதுதான். தீக்கொழுந்து போல மயிர் எழுந்து நின்றால் பைரவரா, காளியா என்று பாருங்கள்.

பழகுவதற்குக் கருவறை உதவாது. அங்கே கண்ணில் படுவது சாத்திய வெள்ளிக் கிரீடம். கல்லில் உள்ளது அதற்குள் மறைந்திருக்கும். கோபுரச் சுதையும் வேண்டாம், ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் பூச்சு மாறும். கருவறையின் வெளிச்சுவரில் உள்ள மாடத்தை, அதாவது கோஷ்டத்தைப் பாருங்கள். திருப்பாதிரிப்புலியூர், திருவதிகை என்று கடலூர்ப் பக்கம் எந்தப் பழைய சிவன் கோயிலுக்குப் போனாலும் வலம் வரும்போதே பாடம் நடக்கும்: வழக்கமாகத் தெற்கே தட்சிணாமூர்த்தி, சடை விரிந்திருக்கும், மேற்கே லிங்கோத்பவர், வடக்கே பிரம்மா, துர்க்கை. துர்க்கையிடம் அவசரப்படாதீர்கள். கரண்ட மகுடமும் உண்டு, கிரீட மகுடமும் உண்டு. அங்கே சங்கு சக்கரத்தையும் எருமைத் தலையையும் சேர்த்துப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

அடிக்கடி தவறுவது சடையில்தான். எண்ணெய்ப் பிசுக்கு படிந்து புரிகள் அடைந்துபோனால் சடாமகுடமும் கிரீடம் போலவே மொழுக்கென்று தெரியும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள். புரிக்குப் புரி நிழல் விழும். கேமரா ஃபிளாஷ் அந்த நிழலைக் கொன்றுவிடும்.

செப்புத் திருமேனிக்குப் புதுச்சேரி அருங்காட்சியகம் நல்லது. உற்சவரைப் போல பட்டும் மாலையும் மறைக்காது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்பக்கம் போக இடமிருந்தால் கட்டாயம் போய்ப் பாருங்கள்: தலையின் பின்னால் சிறு சக்கரம் போல ஒன்று இருக்கும். அதுதான் சிரச்சக்கரம். மகுடத்தைக் கட்டிய முடிச்சை மறைப்பது அதுவே.