நோட்டில் இருக்கும் நரியைத் துணியில் தைப்பது எப்படி?

நோட்டில் துறுதுறுவென்று இருந்த நரி, துணிக்கு வந்ததும் ஏதோ ஒரு நாயாகிவிடும். பெரும்பாலும் தையல் மீது தப்பில்லை. பென்சில் போட்ட கோட்டையெல்லாம் ஊசியும் போடப் பார்ப்பதுதான் வினை. பின் தையல், சாட்டின் தையல் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் கோடுகளைக் குறைக்க வேண்டும். விலங்கை உட்கார்ந்தபடி, முகர்ந்தபடி, திரும்பிப் பார்த்தபடி ஒரு பக்கம் நிறைய வரையுங்கள். பிடித்ததன் மேல் டிரேசிங் பேப்பர் வைத்து, தடித்த மார்க்கரால் எடுங்கள். மெல்லிய பேனா வேண்டவே வேண்டாம். மார்க்கரில் வராத நுணுக்கம் நூலிலும் வராது. பிறகு ஒரு நகலை முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். அப்போதும் நரி என்று தெரிந்தால் சரி. இல்லையென்றால் காதையும் வாலையும் கொஞ்சம் பெரிதாக்குங்கள்.

உடலுக்கு அப்ளிக்தான் (உருவத்தைத் தனித்துணியில் வெட்டி மேலே ஒட்டுவது) என் கட்சி. முழு உடலையும் நூலால் நிரப்பினால் துணி சுருங்கி இழுக்கும். இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் தாளில் உருவத்தை வரைந்து, வெட்டுத்துணியின் பின்பக்கம் ஒட்டி, வெட்டி எடுக்க வேண்டும். கவனம் இங்கேதான்: பின்பக்கம் ஒட்டுவதால் படம் இடவலம் மாறும். தனி நரி என்றால் பரவாயில்லை. எதிரே ஒரு முயல் இருந்தால், ஒன்றையொன்று பார்க்க வேண்டிய இரண்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். டிரேசிங் பேப்பரைத் திருப்பிப் போட்டு வரைந்தால் தீர்ந்தது. வெட்டிய துண்டுகளை அடித்துணியில் ஒட்டும்போது வால், தூரத்துக் கால்கள் முதலில், அவற்றின் மேல் உடல், தலை கடைசி.

ரோமத்துக்கு 6 இழை நூலிலிருந்து 2 இழை உருவிக்கொள்ளுங்கள், முகத்துக்கு 1 போதும். மூக்கிலிருந்து நெற்றிக்கும் கன்னத்துக்கும், ரோமம் வளரும் திசையிலேயே, நீளமும் குட்டையுமாகத் தையல் போகட்டும். எல்லா இடத்திலும் போடாதீர்கள். கன்னம், நெஞ்சு, வால்நுனி போதும்.

கண்ணில் அவசரம் கூடாது. கறுப்புத் தாளில் குட்டி வட்டம் வெட்டி, முகத்தில் நகர்த்தி நகர்த்தி வைத்து ஒவ்வொரு முறையும் போனில் படம் எடுங்கள். ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலே நரி பயந்துபோய்விடும், இல்லை முறைக்கும். இடம் முடிவானதும் 1 இழையில் சாட்டின் தையல். மேலே ஒரேயொரு வெள்ளைத் தையல், இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்தில். மேலிமைக் கோடு மூக்கை நோக்கிச் சரிந்தால் கள்ளப்பார்வை, நேராகப் பாதிக் கண்ணை மறைத்தால் தூக்கக் கலக்கம். ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் பிரெஞ்சு முடிச்சு எலியின் கண்ணுக்குப் பொருந்தும். நரிக்குப் போட்டால் துருத்திக்கொண்டு நிற்கும்.

பின்சேர்க்கை: துணியில் வரைந்த நீலப் பேனாக் கோடு போகவில்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். தண்ணீரில் அழியும் பேனாவின் மேல் சூடு பட்டால் கறை தங்கிவிடும். அதனால் ஒட்டும் வேலையெல்லாம் முடிந்த பிறகே முகத்தை வரையுங்கள். தைத்ததும் பச்சைத் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுத்தான் இஸ்திரி. சூட்டில் மறையும் பேனாவை நான் தொடுவதில்லை, குளிரில் அந்தக் கோடு திரும்பி வரும்.