நீச்சல் குளப் பராமரிப்புத் தொழிலோடு பிரஷர் வாஷ் சேவையைச் சேர்ப்பது எப்படி?

சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் தனி வீடுகளிலும் பழைய மகாபலிபுரம் சாலையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் நீச்சல் குளங்களை ஆண்டு ஒப்பந்தத்தில் பராமரித்து வருபவர்களுக்கு, ஐப்பசி பிறந்ததும் வேலை மெலிந்துவிடும். மழையில் குளத்தில் இறங்குபவர்கள் குறைவதால், வாரத்துக்கு மூன்று முறை வருபவர்களிடம் ஒரு முறை வந்தால் போதும் என்று வாடிக்கையாளர்கள் சொல்லத் தொடங்குவார்கள். அதே வாரங்களில்தான் குளத்தைச் சுற்றியுள்ள தரை பச்சையாகப் பாசி பிடித்து, கால் வைத்தாலே வழுக்கும் நிலைக்கு வருகிறது. ஆட்கள், வண்டி, ரசாயனப் பழக்கம், வாசலில் நுழைய அனுமதி, குடியிருப்போர் சங்கச் செயலாளரின் நம்பிக்கை ஆகிய அனைத்தும் ஏற்கெனவே நம்மிடம் இருக்கும்போது, அந்தத் தரையை உயர் அழுத்த நீரால் கழுவும் பிரஷர் வாஷ் வேலையை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

வருமானத்தைத் தாண்டி இன்னொரு காரணமும் உண்டு. வெளி ஆட்கள் தரையைக் கழுவினால், பாசியும் மணலும் சோப்பு நுரையும் கடைசியில் குளத்துக்குள் வந்து சேரும். மறுநாள் கலங்கிய நீருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். ஆகவே, குளத்து நீரைக் காப்பதற்காகவே தரையைக் கழுவுகிறோம் என்ற எண்ணத்தோடு இந்தச் சேவையை அமைத்துக்கொண்டால், எந்த இயந்திரம் வாங்குவது, எந்த வரிசையில் வேலை செய்வது, எந்த வேலையை மறுப்பது என்பவை எல்லாம் தாமாகவே தெளிவாகிவிடும்.

இயந்திரம் வாங்கும் முன்

கடையில் முதலில் காட்டப்படுவது அழுத்தத்தின் அளவுதான். அதற்கான அலகுகளில் 1 பார் என்பது ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ. ஆகும். ஆனால் அழுத்தம் அழுக்கைத் தரையிலிருந்து பெயர்க்கிறதே தவிர, பெயர்ந்ததை அடித்துச் செல்வது நீரின் அளவு. நிமிடத்துக்கு 6 லிட்டர் நீர் தரும் கார் கழுவும் இயந்திரம் 130 பார் காட்டினாலும், ஓர் அடுக்குமாடிக் குளத்தின் சுற்றுத் தரையில் ஆட்களை நாள் முழுவதும் நிற்க வைத்துவிடும். நிமிடத்துக்கு 11 முதல் 15 லிட்டர் வரை தரும், 150 பார் அளவிலான வணிக இயந்திரமே இந்த வேலைக்குப் பொருத்தமானது.

அத்தகைய இயந்திரங்களில் பல மும்முனை மின்சாரத்தில் இயங்குபவை. இங்கே குளப் பராமரிப்பாளருக்கு ஒரு வசதி இருக்கிறது: பெரிய குடியிருப்புகளில் ஃபில்டர் பம்புகளுக்காக மோட்டார் அறை வரை மும்முனை இணைப்பு வந்திருக்கும். சங்கத்தின் அனுமதி பெற்று, அவர்களுடைய எலெக்ட்ரீசியனைக் கொண்டே, 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் பாதுகாப்போடு ஒரு தொழிற்சாலை வகை சாக்கெட்டைப் பொருத்திக்கொள்ளலாம். தனி வீடுகளில் பெரும்பாலும் 16 ஆம்பியர் பிளக்கே கிடைக்கும் என்பதால், அங்கே 2 முதல் 3 கிலோவாட் வரையிலான ஒருமுனை இயந்திரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பெட்ரோல் இயந்திரம் திறந்த வெளிக்கு உதவும். ஆனால் அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருப்பதால், தரைக்கீழ் வாகன நிறுத்தத்திலும் மோட்டார் அறையிலும் அதை இயக்கவே கூடாது.

இயந்திரத்தோடு கட்டாயம் வாங்க வேண்டியது வட்ட வடிவ சர்ஃபேஸ் கிளீனர். மூடிக்குள் சுழலும் கையின் நாசில்கள் (நீர் பீய்ச்சும் முனைகள்) தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருப்பதால், நீர் பீய்ச்சும் துப்பாக்கியான கன்னைக் கையில் பிடித்துக் கழுவும்போது விழும் வரிவரியான தடங்கள் இதில் விழுவதில்லை. அழுக்கும் சுவரிலும் குளத்திலும் தெறிக்காது. நாசில்களில் சிவப்பு 0 பாகை, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40 பாகை விரிவு கொண்டவை. சிவப்பு நாசிலை ஆட்களின் பெட்டியில் வைக்காமல் இருப்பதே என் பழக்கம். ஊசிபோல விழும் அந்த நீர் கல்லைக் கீறும்; காலில் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படிப்பட்ட காயம் வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே திசுக்களைச் சிதைத்திருக்கும் என்பதால், உடனே மருத்துவமனைக்குச் சென்று உயர் அழுத்த நீர் பட்டது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கம்பூட்ஸும் கண்ணாடியும் இல்லாமல் எவரையும் கன்னைத் தொட விடக்கூடாது.

குளத்துக்கு அருகே கழுவும் முறை

இந்தச் சேவையில் மற்றவர்களுக்குத் தெரியாமல் நமக்கு மட்டும் தெரிந்திருப்பது குளத்தின் நீர் எந்த வழியாகப் போய்வருகிறது என்பதே. அடுக்குமாடிகளில் பல குளங்கள் ஓவர்ஃப்ளோ வகையைச் சேர்ந்தவை. விளிம்பு முழுவதும் வெள்ளைக் கிரேட்டிங் பதித்த வாய்க்கால் ஓடும்; அதில் விழும் நீர் நேராக பேலன்சிங் டேங்க் எனும் தேக்கத் தொட்டிக்குப் போய், அங்கிருந்து ஃபில்டர் வழியாக மீண்டும் குளத்துக்கு வரும். தரையைக் கழுவிய நீர் அந்த வாய்க்காலில் இறங்கினால், குளத்துக்குள் நேராகக் கொட்டியதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

எனவே கன்னை எடுக்கும் முன் ஃபில்டர் பம்பை நிறுத்திவிட்டு, வாய்க்காலிலிருந்து பேலன்சிங் டேங்குக்குப் போகும் வால்வை மூடி, கழிவுக் குழாய்க்குத் திருப்பும் வால்வு இருந்தால் அதைத் திறக்க வேண்டும். அப்படி ஒரு வால்வு இல்லாத குளங்களில், வாய்க்காலின் அடியில் உள்ள குழாய் வாய்களை ரப்பர் அடைப்பானால் அடைத்துவிட்டு, தேங்கும் நீரைச் சிறு சப்மெர்சிபிள் பம்பால் வெளியேற்றலாம். கிரேட்டிங்கைக் கழற்றித் தனியாகக் கழுவுவதும் அப்போதே முடிந்துவிடும். அதன் அடிப்பக்கத்தில் வழவழப்பாகப் படிந்திருக்கும் பாசியைப் பார்த்தால், குளோரின் ஏன் விரைவாகத் தீர்ந்து போகிறது என்ற கேள்விக்குச் சில குளங்களில் விடை கிடைக்கும். ஸ்கிம்மர் வகைக் குளமாக (மேற்பரப்பு நீரைச் சுவரில் உள்ள வாய் உறிஞ்சும் வகை) இருந்தால், ஸ்கிம்மரின் வாயை மூடி, குளத்தின் விளிம்பிலிருந்து வெளிப்புறம் நோக்கியே கழுவ வேண்டும்.

அடிமண்ணை உறிஞ்சும் வேக்கியூம் வேலையைத் தரை கழுவும் வேலைக்கு முன் வைத்துக்கொள்ளக் கூடாது. தரையைக் கழுவிய மறுநாள் காலை வேக்கியூம், பிறகு பேக்வாஷ் (ஃபில்டரில் நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவுவது), அதன் பின் குளோரின் அளவையும் பி.எச். (அமில-காரத்தன்மை) அளவையும் சோதித்துப் பதிவேட்டில் எழுதுவது என்ற வரிசையே சரியானது. இரண்டு வேலைகளும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால் வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் முதல் பயன் இந்த வரிசைதான். விலைப் பட்டியலோடு தரும் கடிதத்தில் இதை விளக்கி எழுதுங்கள்.

குளத்தை வடித்துவிட்டு உள்ளேயும் ஜெட் அடித்துத் தாருங்கள் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணற்பாங்கான பகுதிகளில் வடகிழக்குப் பருவமழையின்போது நிலத்தடி நீர் மிக மேலே வந்துவிடும். வெறுமையான தொட்டியைக் கீழிருந்து அந்த நீர் தள்ளும்போது தளம் விரிசல் விடவும், தொட்டியே மேலெழும்பவும் கூடும். ஆகவே நீர்மட்டம் இறங்கியிருப்பதை உறுதி செய்துகொள்ளாமல் குளத்தை வடிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். கோடையிலும்கூட, கண்ணாடி மொசைக்கின் இணைப்புச் சாந்து மீது நெருக்கமாக ஜெட் அடித்தால் சாந்து உதிர்ந்துவிடும். அந்த வேலைக்குப் பிரஷும் பொறுமையும் போதும்.

கல்லுக்கேற்ற விசை, பாசிக்கேற்ற மருந்து

சொரசொரப்பான கிரானைட் நல்ல விசையைத் தாங்கும். பேவர் பிளாக்குகள் தாங்கினாலும் அவற்றின் இடுக்கில் உள்ள மணல் பறந்துவிடும் என்பதால், கன்னைச் சாய்வாகப் பிடித்துக் கழுவி, தரை நன்றாகக் காய்ந்த பின் சலித்த உலர்ந்த மணலை நிரப்பிக் கொடுக்க வேண்டும். அந்த மணலையும் கூலியையும் விலையிலேயே சேர்த்துவிடுங்கள். மரத் தளத்துக்கு 40 பாகை நாசிலோடு விசையை நன்றாகக் குறைத்து, மரத்தின் நார் ஓடும் திசையிலேயே கழுவ வேண்டும். எந்தத் தரையானாலும், கண்ணில் படாத ஒரு மூலையில் ஓரடி தூரத்திலிருந்து அடித்துப் பார்த்து, அது காய்ந்த பின் மேற்பரப்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

பாசியை விசையால் மட்டும் எடுத்தால் அதன் எச்சம் துளைகளுக்குள் தங்கி, அடுத்த மழையிலேயே திரும்ப வரும். அதைக் கொல்வது குளோரின்; அது நம் கிடங்கிலேயே இருக்கிறது. 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தில் 1 பங்குக்கு 9 பங்கு நீர் சேர்த்தால் 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். அதைத் தரையில் தெளித்து, காய்ந்துவிடாதபடி 10 முதல் 15 நிமிடம் விட்டுப் பிறகு கழுவினால், பாதி விசையே போதுமானதாக இருக்கும். குளத்துக்குப் பயன்படுத்தும் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளை இதற்கு எடுக்காதீர்கள்; அது தரையில் வெள்ளைப் படிவை விட்டுச் செல்லும். திரவ ஹைப்போ வெயிலில் வீரியம் இழப்பதால், கோடையில் சிறு அளவாக வாங்கி நிழலில் வையுங்கள். தெளிக்கும் முன்னும் பின்னும் செடிகளுக்கு வெறும் நீர் ஊற்ற வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏணியையும் கைப்பிடியையும் அலசிவிட வேண்டும்.

ஆசிட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பி.எச். குறைப்பதற்காக வண்டியில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இருக்கும். கறை போகவில்லை என்றதும் ஆட்களின் கை அதை நோக்கித்தான் போகும். ஹைப்போ தெளித்த ஈரத்தரையில் ஆசிட் விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலைத் தாக்கும் நச்சு வாயு. மேலும் கோட்டா கல்லும் கடப்பாக் கல்லும் சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்தவை என்பதால், ஆசிட் பட்ட இடம் பளபளப்பு இழந்து நிரந்தரமாக வெளுத்துவிடும். தரை கழுவும் நாளில் ஆசிட் கேனை வண்டியிலிருந்தே இறக்கி வைத்துவிட்டுப் போவது பாதுகாப்பானது.

நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரி நீருக்குக் காத்திருந்த ஊரில், தரை கழுவ நீர் கேட்பது எளிதான காரியமல்ல. நிமிடத்துக்கு 12 லிட்டர் தரும் இயந்திரம் இடைவிடாது ஓடினால் மணிக்கு 720 லிட்டர் செலவாகும். இதற்கும் குளத்திலேயே ஒரு வழி உண்டு. ஆவியாதலாலும் மருந்துகளாலும் குளத்து நீரில் உப்புச் செறிவு ஏறும்போது, ஒரு பகுதியை வெளியேற்றிப் புது நீர் விடுவது வழக்கம். 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள குளத்தில் நீர்மட்டம் 1 சென்டிமீட்டர் இறங்கினால் 320 லிட்டர் கிடைக்கும். எப்படியும் வெளியேற வேண்டிய அந்த நீரை, உரிமையாளரின் ஒப்புதலோடு, ஒரு பீப்பாயில் நிரப்பி வடிகட்டி வழியாக இயந்திரத்துக்குக் கொடுக்கலாம். பேக்வாஷ் நீரை மட்டும் அப்படிக் கொடுக்காதீர்கள்; அதிலுள்ள அழுக்கும் மணலும் பம்பின் சீல்களைத் தேய்த்துவிடும்.

கழுவிய நீர் போகுமிடம் இன்னும் கவனத்துக்குரியது. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், தரையின் வடிகால் பல இடங்களில் நிலத்தடி நீரைச் செறிவூட்டும் குழியில் முடியும். வேறு சில குடியிருப்புகளில் அது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே கழிவைச் செரிக்கும் பாக்டீரியாக்களை ஹைப்போ கொன்றுவிட்டால், நிலையம் பழைய நிலைக்கு வரப் பல நாட்கள் ஆகும். வேலைக்கு முன்னரே மேலாளரோடு வடிகாலின் வழியை நடந்து பார்த்து, தேவைப்பட்டால் குழியின் வாயை மூடி, குளோரின் கலந்த நீரை சோடியம் தயோசல்ஃபேட் கொண்டு முறித்த பிறகே வெளியேற்றுங்கள்.

மறுக்க வேண்டிய வேலைகள்

இயந்திரத்தைக் கண்டதும் மற்ற வேலைகளும் தேடி வரும். சோலார் பேனலுக்கு உயர் அழுத்தம் ஆகாது. மென்மையான பிரஷும் கடினத்தன்மை குறைந்த நீரும் அதிகாலை நேரமுமே அதற்கு ஏற்றவை. பெயின்ட் உரிந்து நிற்கும் சுவரில் ஜெட் அடித்தால் மீதியும் பெயர்ந்து விழும் என்பதைச் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் தொடாதீர்கள். சாக்கடை அடைப்பு, செப்டிக் டேங்க் ஆகியவற்றுக்கு எந்த நெருக்கடியிலும் ஆளை இறக்கக் கூடாது. பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் அவ்வாறு மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஓர் உயிரை அங்கே அனுப்ப நமக்கு உரிமையில்லை.

விலையும் ஒப்பந்தமும்

அடுத்த நிறுவனத்தின் சதுர அடி விலையைக் கேட்டு அதில் ஒரு ரூபாய் குறைப்பது விலை நிர்ணயம் ஆகாது. முதலில் பராமரிப்பில் உள்ள நான்கைந்து குளங்களின் தரையைக் கழுவி, ஒரு மணி நேரத்தில் உண்மையில் எவ்வளவு பரப்பு முடிகிறது என்பதைத் தரை வகைவாரியாக எழுதி வையுங்கள். மணிக்கு 250 சதுர அடி முடிகிறது என்று வைத்துக்கொண்டால், 2,000 சதுர அடித் தரைக்கு 8 மணி நேரம். அடைப்பான் பொருத்துவது, பொருட்களை ஏற்றி இறக்குவது, மறுநாள் வேக்கியூம் ஆகியவற்றுக்கு இன்னும் 3 மணி நேரம். இரண்டு பேரின் கூலி, மருந்து, வண்டி, இயந்திரத் தேய்மானம் ஆகியவற்றை அந்த 11 மணி நேரத்துக்குக் கணக்கிட்டு, அதன் மேல் லாபத்தை வைத்துச் சதுர அடிக்கு வகுத்தால் வருவதே உங்கள் விலை. புதிய வரவால் ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள்.

தனித் தனி வேலையாக விற்பதைவிட, குளத்தின் ஆண்டு ஒப்பந்தத்திலேயே மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒரு முழுக் கழுவலும், ஆடிக்குப் பின் பருவமழைக்கு முன் ஒரு கழுவலும் சேர்த்துக் கொடுப்பது இரு தரப்புக்கும் நல்லது. வேலைக்கு முன் உடைந்த டைல், விரிசல், உதிர்ந்த சாந்து ஆகியவற்றைப் புகைப்படம் எடுத்து, பொறுப்பாளரின் கையெழுத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்களுக்கான விபத்துக் காப்பீட்டையும், பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீட்டையும் முதல் வேலைக்கு முன்னரே எடுத்துவிடுங்கள்.

கடற்கரையோர போர்வெல் நீரின் உப்பும் காற்றின் உப்பும் இயந்திரத்தை விரைவில் அரித்துவிடும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் நல்ல நீரை இரண்டு நிமிடம் பம்பு வழியாக ஓடவிட்டு, நீர்வரத்து வடிகட்டியைக் கழற்றி அலச வேண்டும். கன்னின் டிரிகரை விட்டுவிட்டு இயந்திரத்தை வெறுமனே ஓடவிட்டால் பம்புக்குள் நீர் சூடேறி சீல்கள் கெட்டுப்போகும் என்பதையும் ஆட்களுக்குப் பழக்கப்படுத்துங்கள். பராமரிப்பில் உள்ள குளங்களின் தரைகளே இயந்திரத்துக்கு வாரம் மூன்று நாள் வேலை கொடுக்கத் தொடங்கிய பின், வெளி வேலைகளையும் இரண்டாவது இயந்திரத்தையும் பற்றி யோசிக்கலாம்.