சர்வர்ல கெடக்குற ஃபைல பாராமிக்கோ வச்சு பைத்தான்ல நேரடியா தொறக்குறது எப்படி

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் கார், பிசானம்னு ரெண்டு பருவமும் நெல்லு வெவசாயம் பாக்குதவங்களுக்கு பாபநாசம் அணைல இன்னைக்கு எத்தன அடி, மணிமுத்தாறுல எத்தன அடிங்கது ரொம்ப முக்கியம். அந்த அணை மட்டம் தினமும் ஒரு வரியா சேந்துக்கிட்டே போற சிஎஸ்வி ஃபைலு ஒண்ணு லினக்ஸ் சர்வர்ல கெடக்குன்னு வச்சுக்கிடுங்க. நீங்க பாளையங்கோட்டைல ஒக்காந்து அத படிச்சு ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்கு மெசேஜ் தயார் பண்ணணும். இதுக்காக தினமும் முழு ஃபைலையும் டவுன்லோடு பண்ண வேண்டாம், எஸ்எஸ்ஹெச்ல, அதாவது வேற கம்ப்யூட்டருக்குள்ள பாதுகாப்பா நொழையுத முறைல, கனெக்ட் பண்ண பைத்தானுக்கு பாராமிக்கோன்னு ஒரு லைப்ரரி இருக்கு, அதுல எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்ஹெச் மேல ஃபைல கையாளுத முறை) வழியா அங்கயே தொறந்து வேணுங்கத மட்டும் படிச்சுக்கிடலாம்.

பிப் இன்ஸ்டால் பாராமிக்கோ, அவ்வளவுதான் இன்ஸ்டாலேஷன். அடுத்து எஸ்எஸ்ஹெச் கிளையன்ட் ஒண்ணு உருவாக்கி லோட் சிஸ்டம் ஹோஸ்ட் கீஸ் கூப்பிடுங்க (ஏற்கனவே நீங்க ஒத்துக்கிட்ட சர்வர் பட்டியல இது எடுத்துக்கிடும்), பொறவு கனெக்ட்ல சர்வர் பேரு, யூசர்நேம், கீ ஃபைல் பாத் குடுங்க. போர்ட் சொல்லலன்னா 22ன்னு அதுவே எடுத்துக்கிடும். தெரியாத சர்வர்னா பாராமிக்கோ தானா கனெக்சன வெட்டிவிட்டுரும், ஒடனே எல்லாரும் எந்த சர்வரையும் கேக்காம ஏத்துக்கிடுத ஆட்டோ ஆட் பாலிசி போட்டுருதாங்க, அத செய்யாதீங்க, எதிர்ல இருக்கது நம்ம சர்வர்தானான்னு பாக்குத ஒரே எடம் அந்த தடுப்புதான். மொத தடவ டெர்மினல்ல எஸ்எஸ்ஹெச் அடிச்சு, அது காட்டுத ஃபிங்கர்பிரிண்ட (சர்வரோட அடையாள குறியீடு) சர்வர் பாத்துக்கிடுத ஆள்ட்ட கேட்டு சரிபாத்துட்டு எஸ் குடுங்க, அதுக்கப்புறம் பாராமிக்கோவும் ஒத்துக்கிடும்.

கனெக்ட் ஆனதும் ஓப்பன் எஸ்எஃப்டிபி கூப்பிட்டா ஒரு ஆப்ஜெக்ட் கெடைக்கும், அதுல இருக்க ஓப்பன்தான் நமக்கு வேணும், பைத்தான்ல சாதாரணமா ஃபைல் தொறக்குறமே அதே மாதிரி பாத், மோடு ரெண்டும் குடுத்தா போதும். பாத்ல ஒண்ணு கவனிங்க, டெர்மினல்ல டில்டே (~) போட்டா ஹோம் ஃபோல்டருக்கு போகும்லா, இங்க அது வேல செய்யாது, அந்த பேருல ஒரு ஃபோல்டர் இருக்கான்னு தேடிட்டு ஃபைல் நாட் ஃபவுண்ட்னு எர்ரர் குடுத்துரும். எங்க நிக்கோம்னு தெரியலன்னா நார்மலைஸ்க்கு ஒரு புள்ளி மட்டும் குடுங்க, முழு பாத்தையும் சொல்லிரும். பெர்மிஷன் எர்ரர் வந்தா கோட நோண்டாதீங்க, சர்வர்ல அந்த ஃபைலுக்கு ஒங்க யூசருக்கு உரிமை இருக்கான்னு பாருங்க.

இப்ப படிக்குத வெசயம், இதத்தான் நெறைய பேரு லேசா எடுத்துக்கிடுதாங்க. ஆர் மோடுல தொறந்து ஒவ்வொரு வரியா லூப் ஓட்டுனா ஸ்ட்ரிங்கா வரும், ஆனா அதே ஃபைல்ல ரீட் கூப்பிட்டா பைட்ஸாத்தான் வரும், நீங்கதான் யூடிஎஃப் 8ல டீகோட் பண்ணி எழுத்தா மாத்தணும். ஊர் பேரெல்லாம் தமிழ்ல இருந்தா இன்னும் கவனம் வேணும், யூடிஎஃப் 8ல தமிழ் எழுத்து குறியீடு ஒவ்வொண்ணும் 3 பைட், ரீட் 1000ன்னு போட்டா பாதி எழுத்துல வெட்டு விழுந்து டீகோட் எர்ரர் வரலாம், அதனால முழு வரியா சேத்துட்டு டீகோட் பண்ணுங்க.

ஸ்பீடு கத வேற. ஹார்டு டிஸ்க்ல இருக்க ஃபைலுன்னா ரீட் ஒடனே முடிஞ்சிரும், இங்க ஒவ்வொரு ரீடும் சர்வருக்கு ஒரு கேள்வி போய் பதில் வரணும், ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 32768 பைட்தான் கேக்கும். 32 எம்பி ஃபைலுன்னா கொறஞ்சது 1024 கேள்வி, போய் வர 50 மில்லிசெகண்டுன்னா சும்மா காத்திருக்கதுக்கே 51 செகண்டு போயிரும். நெட் ஸ்லோன்னு நெனச்சு பிளான மாத்துனாலும் இது சரியாகாது. முழுசா படிக்கணும்னா தொறந்ததும் ப்ரீஃபெட்ச் கூப்பிடுங்க, பதிலுக்கு காத்திருக்காம கேள்விகள வரிசையா அனுப்பிரும், பாண்டாஸ் லைப்ரரில ரீட் சிஎஸ்வி பண்ணுததுக்கு முன்னாடியும் இத போட்டுக்கிடுங்க.

ஆனா நமக்கு வேண்டியது இன்னைய மட்டம், அது கடைசி வரில இருக்கு, அப்ப ப்ரீஃபெட்ச் வேண்டவே வேண்டாம். ஸ்டாட்ல ஃபைல் சைஸ் எவ்வளவுன்னு கேட்டு, அதுல 4096 கொறச்சு அந்த எடத்துக்கு சீக் பண்ணி, அதாவது நேரா தாவி, அங்கருந்து கடைசி வரைக்கும் ரீட் பண்ணுங்க, ஃபைலே 4096க்கு சின்னதுன்னா ஆரம்பத்துலருந்தே படிங்க. சீக் பண்ணி வந்தா மொத வரி பாதில ஆரம்பிச்சிருக்கும், பைட்ஸா இருக்கும்போதே மொத நியூலைன் வரைக்கும் தூக்கிப் போட்டுட்டு மிச்சத்த டீகோட் பண்ணுங்க. ஃபைலு எவ்வளவு பெருசா வளந்தாலும் நேரம் கூடாது. பாபநாசம் முழு கொள்ளளவு 143 அடி, மணிமுத்தாறு 118 அடி, படிச்ச நம்பர் அதுக்கு மேல இருந்தா மெசேஜ் அனுப்பாம நிறுத்துதாப்ல ஒரு செக் வச்சிருங்க, ஆத்தங்கரைல இருக்கவங்க நம்புத தகவல் இது.

எழுதணும்னா புது வரி சேக்க ஏ மோடு போதும். டபிள்யூ மோடு தொறந்த அந்த நிமிசமே பழசு எல்லாத்தையும் அழிச்சிரும், நீங்க ஒரு எழுத்து எழுததுக்கு முன்னாடி கரண்ட் போயி மோடம் அணைஞ்சா சர்வர்ல வெறும் ஃபைலுதான் மிஞ்சும். முழுசா மாத்தி எழுதணும்னா அதே ஃபோல்டர்ல வேற பேருல எழுதி, க்ளோஸ் பண்ணி, ஸ்டாட் போட்டு சைஸ் சரியான்னு பாத்துட்டு பொறவு பேர மாத்துங்க, அதுக்கு சாதா ரீநேம் வேண்டாம், அந்த பேருல ஏற்கனவே ஃபைல் இருந்தா அது எர்ரர் ஆயிரும், போசிக்ஸ் ரீநேம்னு ஒண்ணு இருக்கு, ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வர்ல அது வேல செய்யும், பழச மாத்தி புதுச ஒரே அடில வச்சிரும். படிக்குதவங்களுக்கு ஒண்ணு பழசு முழுசா கெடைக்கும், இல்ல புதுசு முழுசா கெடைக்கும்.

ஃபைல், எஸ்எஃப்டிபி, கிளையன்ட் மூணையும் வித் போட்டே தொறங்க, நடுவுல எர்ரர் வந்தாலும் தானா மூடிரும். எஸ்எஃப்டிபி ஆப்ஜெக்ட்லருந்து கெட் சேனல் எடுத்து செட்டைம்அவுட் 20 செகண்டுன்னு வச்சிருங்க, வைக்கலன்னா நெட் பாதில போனா ரீட் அப்படியே தொங்கிட்டு நிக்கும். ஸ்கிரிப்ட் ரொம்ப நேரம் ஓடும்னா கனெக்சன் அறுந்துராம இருக்க கிளையன்டோட டிரான்ஸ்போர்ட்ல செட் கீப்அலைவ் 30ம் குடுத்துருங்க.