பிரான்ஸிலிருந்து அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துக்குப் போவது எப்படி

அக்காவின் மகன் பாரிஸுக்குப் பக்கத்தில் லா கூர்நெவ்வில் பிறந்து வளர்ந்தவன். பதினைந்து வயதிலேயே ஆறடி மூன்று அங்குலம். ஒகஸ்ட் விடுமுறைக்கு வெள்ளவத்தைக்கு வந்து நின்ற ஒரு இரவு, பிட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டே, "மாமா, நான் அமெரிக்காவில யுனிவர்சிட்டிக்குப் போய் பாஸ்கெட்போல் விளையாடப் போறன், என்ன செய்யோணும்?" என்று கேட்டான். அக்காவுக்கும் அத்தானுக்கும் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு, ஆங்கிலம்தான் வராது. அதனால் ஈமெயில், படிவம், தொலைபேசி எல்லாம் என் பொறுப்பாயிற்று. இரண்டரை வருடம் எடுத்தது. இப்போது அவன் அங்கே ஒரு டிவிஷன் 2 (கல்லூரி விளையாட்டின் இரண்டாம் நிலை) கல்லூரியில் ஆடுகிறான். கொழும்பில் என்னைக் காணும் பெற்றோர் பலர் இதையே கேட்கிறார்கள், சிலருக்குப் பிரான்ஸில் பெறாமக்கள், சிலருக்கு இங்கேயே சுகததாச உள்ளரங்கில் போட்டி ஆடும் பிள்ளைகள். எனக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். வெம்பன்யாமா, ரிசாஷே, டோனி பார்க்கர் என்ற பெரிய பிரெஞ்சு வீரர்கள் யாரும் அமெரிக்கக் கல்லூரிக்குப் போகவில்லை, பிரான்ஸிலேயே தொழில்முறையாக ஆடிவிட்டு நேரே அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. போனவர்கள். அந்த வரிசையில் உள்ள பிள்ளைக்கு வழி வேறு. கல்லூரி வழி அதற்கு அடுத்த வரிசைக்கு உரியது: நன்றாக ஆடும், உடம்பு இன்னும் தேற வேண்டும், கையில் ஒரு பட்டமும் வேண்டும். இந்த வழியில் போனவர்களும் குறைந்தவர்கள் இல்லை. ஒலிவியே சாங்-ஜோன் என்ற பெயரில் பிறந்த தாரிக் அப்துல் வஹாத் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, சான் ஹோசே ஸ்டேட்டுக்கு மாறி, 1997 டிராஃப்டில் (என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தெரிவு செய்வது) 11ஆவதாகத் தெரிவானார். பிரான்ஸில் வளர்ந்து என்.பி.ஏ.யில் ஆடிய முதல் ஆள் அவர்தான்.

சரி, எங்கே தொடங்குவது? பாடசாலையில். பந்தோடு இல்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதன் எலிஜிபிலிட்டி சென்டர் என்ற தகுதி பார்க்கும் பிரிவில் பிள்ளை பதிவு செய்ய வேண்டும், அவர்கள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து எல்லாப் பெறுபேறும் கேட்பார்கள். டிவிஷன் 1க்கு 16 கோர் பாடங்கள், அவற்றில் குறைந்தது 2.3 ஜி.பி.ஏ. (4க்குப் போடும் மதிப்பெண் சராசரி). டிவிஷன் 2க்கு 2.2. மொழி, கணிதம், விஞ்ஞானம், சமூகக் கல்வி, இப்படிப் படிப்புப் பாடங்கள்தான் எண்ணப்படும், தொழில்சார் பாடங்கள் சேராது. எஸ்.ஏ.டி. என்ற அனுமதிப் பரீட்சையின் மதிப்பெண் வேண்டும் என்ற விதியை 2023இல் எடுத்துவிட்டார்கள், ஆனால் சில பல்கலைக்கழகங்கள் அனுமதிக்காக இன்னும் கேட்கின்றன.

பிரான்ஸில் ஒரு பொறி இருக்கிறது. அங்கே லீசே (உயர்நிலைப் பாடசாலை) முதல் வருடம் முடிந்ததும் பிள்ளை மூன்று சிறப்புப் பாடங்களைத் தெரிவு செய்யும், கடைசி வருடம் அதில் ஒன்றை விட்டுவிடும். கணிதம் பிடிக்காத பிள்ளை அதைச் சிறப்புப் பாடமாக எடுக்காது, அதோடு கணிதம் வாரத்துக்கு ஒன்றரை மணித்தியாலமாகச் சுருங்கிவிடும், அதுவும் 2023க்குப் பிறகு திரும்பச் சேர்த்ததால்தான். எங்கள் பிள்ளையும் விடப் பார்த்தான். அக்காவைப் பாடசாலைக்கு அனுப்பித் தடுத்தோம். அந்த ஒரு முடிவு இல்லையென்றால் கணிதத்தில் அவனுக்குக் கணக்கு நிரம்பியிருக்காது.

இன்னொன்று, பிரெஞ்சு மதிப்பெண் 20க்குப் போடுவது. அவனுடைய ரிப்போர்ட்டில் வரலாறு 12, இயற்பியல் 11.5 என்று இருந்தது. அங்கே 10 பாஸ், 12 எடுத்தால் பரவாயில்லை, 14 நல்லது, 16க்கு மேல் என்றால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். ஒரு அமெரிக்க உதவிக் கோச் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு "60 வீதமா, படிப்பில் கஷ்டமா?" என்று எழுதினார். எலிஜிபிலிட்டி சென்டருக்கு ஒவ்வொரு நாட்டுக் கணக்கும் தெரியும், கோச்மாருக்குத் தெரியாது. அதன் பிறகு நாங்கள் அனுப்பிய ஒவ்வொரு ஈமெயிலிலும் இரண்டே வரியில் இந்த அளவுகோலை விளக்கினோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

இலங்கைப் பிள்ளைக்கு இதே இடத்தில் வேறு சிக்கல். சாதாரண தரம், உயர்தரம் இரண்டின் சான்றிதழையும் பத்தரமுல்லையில் பரீட்சைத் திணைக்களத்தில் ஆங்கிலத்திலேயே எடுக்கலாம், அது பிரச்சினை இல்லை. பிரச்சினை நம்முடைய செக்கண்ட் ஷை பழக்கம். உயர்தரம் இரண்டாம் தரம், மூன்றாம் தரம் எழுதுவது மருத்துவபீடத்துக்குச் சரி. இங்கே அது பிள்ளையின் காலத்தைத் தின்னும். டிவிஷன் 1 கணக்கில், உரிய காலத்துக்குள் பாடசாலை முடிக்க வேண்டும், முடித்து ஒரு வருடத்துக்குள் கல்லூரியில் சேர வேண்டும், அதையும் தாண்டிக் கழகப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தால் ஆட்ட உரிமையில் வெட்டு விழும். விதிகள் மாறிக்கொண்டே வருகின்றன, ஆகவே அந்தந்த வருடத்து என்.சி.ஏ.ஏ. சர்வதேச மாணவர் கையேட்டைத் திறந்து நாட்டின் பெயரைத் தேடிப் பாருங்கள். பிரான்ஸுக்கும் இலங்கைக்கும் தனித்தனியாக இருக்கிறது.

அப்புறம் கழகம். பிரான்ஸில் நல்ல பிள்ளைகள் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே பிராந்தியப் பயிற்சி நிலையங்களுக்குப் போவார்கள், மிகச் சிறந்தவர்கள் பாரிஸ் வான்சேன் காட்டில் உள்ள இன்செப் என்ற தேசிய விளையாட்டு நிலையத்துக்கு, மற்றவர்கள் தொழில்முறைக் கழகங்களின் பயிற்சி நிலையங்களுக்கு. அங்கே சேரும்போது ஒரு பயிற்சி ஒப்பந்தம் கையெழுத்தாகும். முதல் தொழில்முறை ஒப்பந்தத்தைத் தங்களோடுதான் போட வேண்டும் என்று கழகம் கேட்க அதில் இடம் இருக்கும். கையெழுத்துப் போடமுன் அந்தப் பந்தியை வாசியுங்கள், கல்லூரிக்குப் போனால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். கழகம் பிள்ளைக்குக் காசு கொடுத்தால் எவ்வளவு, எதற்கு என்ற ரசீது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். பின்னால் என்.சி.ஏ.ஏ. ஒவ்வொன்றாகக் கேட்கும்.

வீடியோவுக்கு வருவோம். மூன்று, நான்கு நிமிடம் போதும். பாட்டு வேண்டாம். டங்க் (எகிறிப் பந்தை வளையத்துக்குள் அறைவது) மட்டும் கோர்த்து அனுப்பாதீர்கள், எல்லாப் பிள்ளையும் அதைத்தான் அனுப்புகிறது. தற்காப்பு, பந்தில்லாமல் ஓடுவது, தவறவிட்ட பிறகு திரும்பி ஓடுவது, இவற்றைச் சேர்த்து, கூடவே இரண்டு முழு ஆட்டத்தின் இணைப்பையும் கொடுங்கள். ஈமெயில் தலைப்பிலேயே உயரம், அணியில் ஆடும் இடம், பாடசாலை முடிக்கும் வருடம் வர வேண்டும். பிள்ளையே எழுத வேண்டும், மாமா எழுதியது மாதிரி இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன். டிவிஷன் 1 ஆண்கள் கோச் ஒருவர், பத்தாம் வகுப்பு முடிந்த வருடம் ஜூன் 15க்கு முன் பதில் போட முடியாது. அதற்கு முன் பதில் வராவிட்டால் மனம் தளர வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் ஏஜென்ட் ஒருவர் வருவார். எங்களுக்கும் வந்தார், முழுப் புலமைப்பரிசில் நிச்சயம் என்று சொல்லிப் பெரிய தொகை கேட்டார். முற்பணம் கொடுத்தோம். அவர் செய்தது, நூற்றுக்கணக்கான கோச்மாருக்கு "அன்புள்ள கோச்" என்று ஒரே கடிதத்தை அனுப்பியதுதான். அவற்றில் ஒன்றுக்கும் பதில் வரவில்லை. பதில் வந்ததெல்லாம், பிள்ளை ஒவ்வொரு அணியின் ஆட்டத்தையும் பார்த்து, "உங்கள் அணியில் அடுத்த வருடம் இரண்டு ஃபோர்வர்ட் பட்டம் முடித்துப் போகிறார்கள்" என்று எழுதிய பன்னிரண்டு கடிதங்களுக்குள்தான். விண்ணப்பம், ஆங்கிலப் பரீட்சை பற்றிக் கொழும்பில் கேட்க வேண்டுமென்றால் கொள்ளுப்பிட்டியில் ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில், அமெரிக்கப் படிப்புக்கு வழிகாட்டும் எஜுகேஷன் யூ.எஸ்.ஏ. ஆலோசகர் இருக்கிறார். முதலில் அங்கே போங்கள்.

கோச் அழைப்பு வரும்போது நேரத்தைக் கவனியுங்கள். கோடையில் கொழும்பில் காலை ஏழரை என்றால் வொஷிங்டன் மாநிலத்தில் முதல் நாள் மாலை ஏழு. அமெரிக்கக் கோச்மார் நேரே கேட்பார்கள், நேரே பதில் எதிர்பார்ப்பார்கள். எனக்கு அது புதிதில்லை. நான் படித்த மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தை வளர்த்தவரே லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹீபர்ட் அடிகள், 1990 ஒகஸ்டில் காணாமல் போனவர். அவரை நினைக்காமல் நான் இந்த விளையாட்டைப் பற்றிப் பேசியதில்லை. பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுத்தது இதுதான்: வெட்கப்படாதே, நீயும் கேள்.

என்ன கேட்பது? என் இடத்தில் இப்போது யார் ஆடுகிறார்கள், அவர்கள் எப்போது போவார்கள். முதல் வருடம் எனக்கு எத்தனை நிமிடம். ரெட்ஷேர்ட் திட்டம் இருக்கிறதா, அதாவது ஒரு வருடம் பயிற்சி மட்டும் செய்து ஆட்ட உரிமையைச் சேமிப்பது. இது தண்டனை இல்லை. ஜோயல் அயாயி இன்செப்பிலிருந்து கொன்சாகா பல்கலைக்கழகத்துக்குப் போய் முதல் வருடம் அப்படி வெளியே இருந்தார், அடுத்த வருடம் கொஞ்ச நிமிடம், பிறகு 2021இல் ஒரு தோல்வியும் இல்லாமல் தேசிய இறுதிப் போட்டிவரை வந்த அணியின் ஆரம்ப ஐவரில் ஒருவர். இறுதியில் பெய்லர் பல்கலைக்கழகத்திடம் 86-70 என்று தோற்றார்கள்.

பெயர் பெரிய கல்லூரியில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. கிரெனோபிளில் வளர்ந்த லூ லோபெஸ் செனெஷால் ஃபேர்ஃபீல்ட் என்ற சின்ன இடத்தில் ஆடி, கடைசி வருடம் யூகொன் என்ற பெரிய இடத்துக்கு மாறி, 2023இல் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. டிராஃப்டில் 5ஆவதாகத் தெரிவானார். மக்சிம் ரெய்னோ ஸ்டான்ஃபோர்ட்டில் நான்கு வருடம் இருந்து படித்து, கடைசி வருடம் ஆட்டத்துக்கு இருபது புள்ளி, பத்து ரீபவுண்டுக்கு மேல் எடுத்து, 2025 என்.பி.ஏ. டிராஃப்டில் 42ஆவதாகப் போனார். நான்கு வருடம் என்பது நீண்ட காலம்தான், அவருக்கு அது வீணாகவில்லை. கோர் பாடம் குறைந்த பிள்ளைக்கு இரண்டு வருட ஜூனியர் கொலேஜ் இருக்கிறது, என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பும் இருக்கிறது. டிவிஷன் 3இலும் ஐவி லீக்கிலும் (ஹார்வர்ட், யேல் போன்றவை) விளையாட்டுப் புலமைப்பரிசில் கிடையாது, தேவை அடிப்படையிலான உதவி மட்டும். இதைத் தெரியாமல் ஏமாறுகிறவர்கள் பலர்.

பணத்தில், வாய் வார்த்தையை நம்ப வேண்டாம். முன்பு இந்தக் கல்லூரியில் சேர்கிறேன் என்று பிள்ளை கையெழுத்திடும் நேஷனல் லெட்டர் ஒஃப் இன்டென்ட் என்ற கடிதம் இருந்தது, 2024 ஒக்டோபரில் அதை நீக்கிவிட்டார்கள். இப்போது கல்லூரி தரும் நிதி உதவி ஒப்பந்தம்தான் முக்கியம். கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், காப்புறுதி எதெது அதில் எழுதியிருக்கிறது, ஒரு வருடத்துக்கா நான்கு வருடத்துக்கா என்று பாருங்கள். தங்குமிடமும் சாப்பாடும் புலமைப்பரிசிலில் வந்தால் வெளிநாட்டு மாணவருக்கு 14 வீத வரி பிடிக்கலாம், பிரான்ஸுக்கு வரி ஒப்பந்தம் இருப்பதால் அதற்குரிய படிவத்தைக் கல்லூரியிடம் கேளுங்கள்.

ஒரு எக்கோ பரிசோதனை கட்டாயம் செய்யுங்கள், இதயத்துக்கு. பிரான்ஸுக்குச் சொந்தமான மார்ட்டினிக் தீவில் பிறந்த ரோனி துரியாஃப் கொன்சாகாவில் நான்கு வருடம் ஆடி 2005இல் என்.பி.ஏ. அணியான லேக்கர்ஸுக்குத் தெரிவானார், அங்கே செய்த பரிசோதனையில்தான் இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் அடிப்பகுதி வீங்கியிருப்பது தெரிந்தது. திறந்த இதய அறுவைச் சிகிச்சை செய்து, திரும்பி வந்து, 2012இல் மயாமி அணியோடு என்.பி.ஏ. சம்பியனானார். உயரமான பிள்ளைகளிடம் இது இருந்தால் முன்னமே தெரிவது நல்லது.

விசாவில் இரண்டு தவறு நடக்கும். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இருக்கிறதே, எஸ்டாவில் (விசா இல்லாமல் போகும் இணைய அனுமதி) போகலாமே என்று நினைப்பது ஒன்று. படிக்க அது செல்லாது, எஃப்-1 என்ற மாணவர் விசாதான். கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவம், 350 டொலர் செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவேடு) கட்டணம், டி.எஸ்.-160 என்ற விசா விண்ணப்பம், 185 டொலர் விசாக் கட்டணம், நேர்முகம். இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் காலி வீதியில் உள்ள தூதரகம். நேர்முகத்தில் எந்தப் பாடம் படிக்கப் போகிறாய் என்று கேட்பார்கள், கூடைப்பந்து என்று பதில் சொல்லக்கூடாது. மற்றத் தவறு, சீக்கிரம் போய் இறங்குவது. படிப்புத் தொடங்க 30 நாளுக்கு முன் எஃப்-1இல் உள்ளே விடமாட்டார்கள்.

2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயராலும் படத்தாலும் சம்பாதிக்கலாம், 2025-26 பருவத்திலிருந்து கல்லூரிகளே நேரடியாகக் காசு கொடுக்கவும் வழி வந்துவிட்டது. எஃப்-1 பிள்ளைக்கு இது அப்படியே பொருந்தாது. படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணித்தியால வேலை மட்டுமே தாராளமாக அனுமதி. இன்ஸ்டகிராமில் ஒரு சப்பாத்து விளம்பரம் போட்டுக் காசு வாங்கினாலே விசா சிக்கலாகலாம். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அதிகாரியிடம் கேட்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம். அதே அதிகாரியிடம், ஒரு செமஸ்டரில் 12 கிரெடிட்டுக்குக் குறையாமல் பாடம் வைத்திருக்கிறோமா என்றும் பாருங்கள். குறைந்தால் ஆட்டமும் போகும், விசாவும் போகும்.

கடைசியாகப் பெட்டி. ஐ-20, கடவுச்சீட்டு, தடுப்பூசி அட்டை, செவிஸ் ரசீது எல்லாம் கைப்பையில். எங்கள் பிள்ளை ஐ-20ஐப் பெரிய பெட்டிக்குள் சப்பாத்துக்கு அடியில் வைத்திருந்தான். சார்ள் து கோல் விமான நிலையத்தில் எடை கூடி, பெட்டியைத் திறந்து மிளகாய்த்தூள் பொதியை வெளியே எடுத்தபோதுதான் அக்கா அதைக் கண்டார்.