வெளிநாட்டு முகவர் கமிஷனும் டிராபேக்கும்: ஏற்றுமதியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரிலும் கரூரிலும் ஆம்பூரிலும் உள்ள பல நிறுவனங்களுக்கு ஆர்டர் பிடித்துக் கொடுப்பவர் வெளிநாட்டில் இருக்கும் முகவர்தான். அவருக்குக் கமிஷன் கொடுப்பதில் சட்டப்படி எந்தத் தடையும் இல்லை. ஆனால் அதை எந்த ஆவணத்தில், எந்தப் பெயரில், எப்போது காட்டுகிறோம் என்பதில் நேரும் பிசகுதான், சரக்கு போய்ச் சேர்ந்து பணமும் வந்து நெடுநாள் கழிந்த பின்னர், டிராபேக்கை, அதாவது ஏற்றுமதிப் பொருளின் மூலப்பொருட்களுக்குக் கட்டிய வரிக்கு ஈடாக அரசிடம் பெற்ற தொகையை, திருப்பிக் கட்டச் சொல்லும் சுங்கத்துறை நோட்டீஸாக வந்து நிற்கிறது.

டிராபேக் பெரும்பாலும் எஃப்.ஓ.பி. மதிப்பின், அதாவது கப்பலில் ஏற்றும் வரையிலான சரக்கு விலையின், சதவீதமாகவே கணக்கிடப்படுகிறது. 2003 ஜூலையில் வெளியான 64/2003 எண் சுங்கச் சுற்றறிக்கையின்படி, எஃப்.ஓ.பி. மதிப்பில் 12.5 சதவீதம் வரையிலான முகவர் கமிஷனைக் கழிக்காமலேயே டிராபேக் பெறலாம். 2019 செப்டம்பரில் வந்த 33/2019 எண் சுற்றறிக்கை, வெளிநாட்டு வங்கிகள் பிடித்துக்கொள்ளும் கட்டணத்தையும் இதே வரம்புக்குள் கொண்டுவந்தது. வங்கிக் கட்டணத்துக்குத் தனிச் சலுகை உண்டு என்று நினைப்பதும், வரம்பைத் தாண்டினால் கமிஷன் முழுவதையும் கழித்துவிடுவார்கள் என்று அஞ்சி அதை மறைப்பதும் தவறு. ஒரு லட்சம் டாலர் எஃப்.ஓ.பி. மதிப்புள்ள சரக்குக்குக் கமிஷன் 14,000 டாலர், வங்கிக் கட்டணம் 500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வரம்பு 12,500 டாலர். ஆகவே மிஞ்சிய 2,000 டாலர் மட்டுமே கழிக்கப்பட்டு, 98,000 டாலருக்கு டிராபேக் கிடைக்கும். மறைப்பதால் வரும் இழப்பு இதைவிடப் பெரிது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஷிப்பிங் பில்லில், அதாவது சுங்கத்துறையிடம் தாக்கல் செய்யும் ஏற்றுமதி அறிவிப்புப் படிவத்தில், கமிஷனை அறிவிக்காமல் விடுவதுதான். கமிஷனுக்கென்று அதில் தனி இடம் இருக்கிறது. ஆனால் பில்லைத் தாக்கல் செய்யும் சுங்கத் தரகரின் கையில் இருப்பது இன்வாய்ஸ் மட்டுமே. அதில் கமிஷன் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், அந்த இடம் வெறுமையாகவே போய்விடுகிறது. பிறகு ஒரு லட்சம் டாலர் சரக்குக்கு வாங்குபவர், முகவருக்குக் கொடுப்பதற்காகப் பத்து சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு 90,000 டாலரை அனுப்புகிறார். வங்கிச் சான்றிலும் அதே தொகை பதிவாகிறது. சுங்கத்துறையின் கணக்கில் அது கமிஷனாகத் தெரியாது, வராத பணமாகத்தான் தெரியும். 2017 டிராபேக் விதிகளின் 18-ஆம் விதிப்படி, பணம் வந்ததற்கான ஆதாரத்தை 30 நாட்களுக்குள் காட்டுமாறு நோட்டீஸ் வரும்; காட்ட இயலாவிட்டால், வராத தொகையின் விகிதத்துக்கு ஏற்ப டிராபேக்கைத் திருப்பிச் செலுத்த வேண்டும்.

அதன் பிறகு ஷிப்பிங் பில்லைத் திருத்திக்கொள்ளலாம் என்று பலர் நம்புகிறார்கள். சுங்கச் சட்டத்தின் 149-ஆம் பிரிவு திருத்தத்துக்கு இடம் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் சரக்கு ஏற்றுமதியான நேரத்தில் ஏற்கெனவே இருந்த ஆவணங்களின் அடிப்படையில் மட்டுமே அது சாத்தியம். நோட்டீஸ் வந்த பிறகு முகவரிடம் கேட்டு வாங்கிய கடிதம் அங்கே செல்லாது. அறிவிக்காத கமிஷனை அனுப்ப ஒப்புதல் கேட்டால், வங்கியும் எழுத்துவடிவிலான உடன்பாட்டைத்தான் முதலில் கேட்கும். ஆகவே, சதவீதம், பொருள், செலுத்தும் முறை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ஆர்டர் கையில் வந்தவுடன் முகவரோடு ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, அதன் நகலைச் சுங்கத் தரகருக்கும் வங்கிக்கும் முன்கூட்டியே கொடுத்துவிடுவதே என் பார்வையில் ஒரே பாதுகாப்பான வழி. நெடுநாள் பழக்கம் என்ற நம்பிக்கையில் வாய்மொழியாகப் பேசிக்கொள்வது, முகவர் நேர்மையானவராக இருந்தாலும் ஏற்றுமதியாளரைக் காப்பாற்றாது.

தரக்குறைவு என்று சொல்லி வாங்குபவர் பிடித்துக்கொண்ட தொகையைக் கமிஷன் என்று எழுதும் வழக்கமும் இருக்கிறது. இது பிழை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. கமிஷன் என்பது ஆர்டர் பெற்றுத் தந்த மூன்றாம் நபருக்குச் செல்வது. வாங்குபவரிடமே தங்கிவிடுவது விலைக் குறைப்பு. விலைக் குறைப்புக்கு 12.5 சதவீதச் சலுகை பொருந்தாது என்பதோடு, தவறான அறிவிப்பு என்று தெரியவந்தால் அபராதத்துக்கும் வழி ஏற்படும்.

உற்பத்தி முழுவதையும் ஏற்றுமதி செய்வதற்கென்றே அனுமதி பெற்ற நூறு சதவீத ஏற்றுமதி நிறுவனங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவற்றின் நிகர அந்நியச் செலாவணி ஈட்டல், அதாவது ஈட்டியதிலிருந்து செலவிட்டதைக் கழித்த மீதி, ஐந்தாண்டுக் கணக்கில் நேர்மறையாக இருந்தாக வேண்டும். அந்நியச் செலாவணியில் செலுத்தும் ஏற்றுமதிக் கமிஷன் அந்தக் கணக்கின் செலவுப் பக்கத்தில் முழுமையாகச் சேர்கிறது. டிராபேக்குக்கான 12.5 சதவீத வரம்பை இங்கே பொருத்திப் பார்த்துக் கமிஷனை விட்டுவிட்டால், ஆண்டறிக்கைக் கணக்கே தவறாகிவிடும்.