டிராஃப்டின் முதல் சில தேர்வுகளில் ஆட்டநிலையை எடைபோடுவது எப்படி?

அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் டிராஃப்டில் 32 அணிகள் ஏழு சுற்றுகளாகக் கல்லூரி வீரர்களை எடுத்துக்கொள்கின்றன. முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கே முதல் வாய்ப்பு. ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றை முதலில் மறந்துவிட வேண்டும். இங்கே எவரும் விலை கூவுவதில்லை. 2011ஆம் ஆண்டு ஊதிய ஒப்பந்தத்துக்குப் பிறகு, புதுவீரரின் சம்பளத்தை அவர் எத்தனையாவதாக எடுக்கப்பட்டார் என்பதே ஏறக்குறைய முழுவதும் தீர்மானிக்கிறது. இரண்டாவது தேர்வாக வருபவர் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஆனாலும் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) ஆனாலும் ஒரே தொகைதான். ஆட்டநிலையின், அதாவது களத்தில் வீரர் ஏற்கும் பொறுப்பின், மதிப்பு குறித்த விவாதம் முழுவதற்கும் வேர் இதுவே.

ஆகவே ‘எந்த ஆட்டநிலை முக்கியம்?’ என்ற கேள்வியோடு தொடங்காதீர்கள். அதற்கு ஆளுக்கொரு பதில் உண்டு. இதே தரமுள்ள வீரரை வெளிச்சந்தையில் வாங்கினால் ஆண்டுக்கு எவ்வளவு ஆகும், இந்தத் தேர்வின் வழியாக எடுத்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்டு, இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிடுங்கள். 2018இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி இரண்டாவது தேர்வில் சாக்வான் பார்க்லி என்ற ரன்னிங் பேக்கை எடுத்தது. நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 3.12 கோடி டாலர், அதாவது ஆண்டுக்கு 78 லட்சம். அந்தக் கோடையில் ரன்னிங் பேக்குகளுக்கான உச்ச ஒப்பந்தமாக டாட் கர்லி பெற்றது ஆண்டுக்குச் சுமார் 1.44 கோடி. ஆகவே பார்க்லி லீக்கிலேயே தலைசிறந்தவராக ஆடினாலும் அணிக்கு மிஞ்சியது ஆண்டுக்கு 66 லட்சம்தான். அதே ஆகஸ்டில் குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் கையெழுத்திட்டது ஆண்டுக்கு 3.35 கோடிக்கு. அதே இரண்டாவது தேர்வில் அந்தத் தரத்தில் ஒரு குவாட்டர்பேக் கிடைத்திருந்தால் மிச்சம் இரண்டரைக் கோடியைத் தாண்டியிருக்கும். சம்பள உச்சவரம்பு உள்ள லீக்கில் அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு நல்ல வீரர்களை வாங்கலாம். பார்க்லி ஏமாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் பருவத்திலேயே ஓட்டத்திலும் பந்துபிடிப்பிலுமாக 2,028 கெஜம் சேர்த்தார். அணியோ 5 வெற்றி, 11 தோல்வி.

சந்தை விலை அறிய எளிய வழி, ஃபிரான்சைஸ் டேக் எனப்படும் ஓராண்டு ஊதியத் தொகைகளைப் பார்ப்பது. ஒவ்வோர் ஆட்டநிலையிலும் உச்ச ஊதியம் பெறுவோரை அடிப்படையாகக் கொண்டு லீக் ஆண்டுதோறும் இவற்றை நிர்ணயிக்கிறது. 2024இல் குவாட்டர்பேக்குக்கு 3.83 கோடி, வைட் ரிசீவருக்கு (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) 2.18 கோடி, டைட் எண்டுக்கு (எதிரிகளைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்) 1.27 கோடி, ரன்னிங் பேக்குக்கு 1.20 கோடி டாலர். ஆனால் இந்தப் பட்டியலை அப்படியே நம்பக் கூடாது. குவாட்டர்பேக்கைக் காக்கும் தாக்குதல் வரிசையின் டேக்கிள், கார்ட், சென்டர் மூவருக்கும் ஒரே தொகை போடப்படுவதால் கார்டின் விலை உண்மையைவிட உயர்ந்து தெரியும். லைன்பேக்கர் (தற்காப்பில் முன்வரிசைக்குப் பின்னே நிற்பவர்) என்ற தலைப்பின்கீழ் குவாட்டர்பேக்கை விரட்டும் எட்ஜ் ரஷர்களும் சேர்ந்துகொள்வதால், நடுக்களத்து லைன்பேக்கருக்கும் அந்த விலை உண்டென்று தவறாக எண்ண நேரும்.

அடுத்து, அதே ஆட்டநிலையில் பிந்தைய சுற்றுகளில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். பார்க்லி எடுக்கப்பட்ட அதே டிராஃப்டில் ரன்னிங் பேக் நிக் சப் 35ஆவது தேர்வாகக் கிடைத்தார். டைட் எண்டுகளில் டிராவிஸ் கெல்சி 63ஆவது, ஜார்ஜ் கிட்டில் 146ஆவது. 2021இல் அட்லாண்டா நான்காவது தேர்வைச் செலவிட்ட கைல் பிட்ஸ் முதல் பருவத்தில் ஆயிரம் கெஜத்தைத் தாண்டினார். அடுத்த மூன்று பருவங்களில் அந்த எல்லையைத் தொடவேயில்லை. குவாட்டர்பேக்கிலும் 199ஆவதாக வந்த டாம் பிரேடி, 262ஆவதாக வந்த பிராக் பர்டி என்று எடுத்துக்காட்டுகள் உண்டு என்பீர்கள். அவர்களை எடுத்த அணிகளே அவர்களின் தரம் தெரியாமல் அவர்களை அவ்வளவு நேரம் காத்திருக்க வைத்தன என்பதை மறக்க வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் உங்கள் பட்டியலில் முதலிடம் பெறுபவர் மலிவான ஆட்டநிலையைச் சேர்ந்தவராக இருந்தால், அவரைக் கைவிட வேண்டியதில்லை. பின்னால் நகர்ந்து எடுக்க முடியுமா என்று பாருங்கள். 2018இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் செய்தது இதுதான். மூன்றாவது தேர்வை ஜெட்ஸ் அணிக்குக் கொடுத்து, ஆறாவது தேர்வையும் மூன்று இரண்டாம் சுற்றுத் தேர்வுகளையும் வாங்கிக்கொண்டது. பிறகு ஆறாவதாகக் கார்ட் குவென்டன் நெல்சனை எடுத்தது. அவர் முதல் மூன்று பருவங்களிலும் லீக்கின் சிறந்த வீரர்களின் பட்டியலான ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம்பெற்றார். அந்த இரண்டாம் சுற்றுத் தேர்வுகளில் ஒன்றில் வந்த பிரேடன் ஸ்மித் வலப்பக்க டேக்கிளாக நிலைத்தார்.

இதற்கு நேர்மாறான தவறுதான் அதிகம் நடக்கிறது: ஆட்டநிலையின் விலையைக் கண்டு மயங்கி, நடுத்தர வீரரை உச்சத்தில் எடுப்பது. ஆட்டநிலை ஒரு பெருக்கல் எண் மட்டுமே; தரம் குறைந்தால் பெருகுவது நட்டம்தான். 2023இல் கரோலைனா பாந்தர்ஸ் முதல் தேர்வுக்காக 9, 61ஆவது தேர்வுகள், 2024இன் முதல் சுற்றுத் தேர்வு, 2025இன் இரண்டாம் சுற்றுத் தேர்வு, வைட் ரிசீவர் டி. ஜே. மூர் ஆகிய அனைத்தையும் சிகாகோவுக்குக் கொடுத்து குவாட்டர்பேக் பிரைஸ் யங்கை எடுத்தது. இரண்டாவதாகப் போன குவாட்டர்பேக் சி. ஜே. ஸ்ட்ரவுட் அந்த ஆண்டின் சிறந்த தாக்குதல் புதுமுகமானார். பாந்தர்ஸ் இரண்டு ஆட்டங்கள் மட்டுமே வென்றதால், அவர்கள் கொடுத்த 2024 தேர்வு முதல் தேர்வாகவே சிகாகோவின் கைக்குப் போனது.

இரண்டுமே விலையுயர்ந்த ஆட்டநிலைகளாக இருக்கும்போது பணக்கணக்கு பெரிதாக உதவாது. 2021இல் ஐந்தாவது தேர்வை வைத்திருந்த சின்சினாட்டி பெங்கால்ஸ், வைட் ரிசீவர் ஜமார் சேஸா, டேக்கிள் பெனே செவெலா என்று எடைபோட வேண்டியிருந்தது. குவாட்டர்பேக் ஜோ பர்ரோ முழங்கால் தசைநார் கிழிவிலிருந்து மீண்டுகொண்டிருந்தார். காவல் வேண்டும் என்றே பலரும் வாதிட்டனர். அணி, பர்ரோவின் கல்லூரித் தோழரான சேஸை எடுத்தது. அவர் 1,455 கெஜம் சேர்த்தார், அணி லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பவுலுக்கே போனது. டென்னசிக்கு எதிரான பிளேஆஃபில் பர்ரோ ஒன்பது முறை வீழ்த்தப்பட்டும் வென்றது. இறுதியாட்டத்தில் ஏழு முறை வீழ்ந்தது போக, கடைசி முயற்சியில் எதிரணியின் ஆரன் டானல்ட் அவரைப் பிடித்துச் சுழற்ற, பந்து தரையில் விழுந்து 20-23 என்று தோற்றது. செவெலும் டெட்ராய்ட்டில் ஆல்-ப்ரோ ஆனார். பின்னாளில் செவெல் நான்கு ஆண்டுகளுக்கு 11.2 கோடி, சேஸ் 16.1 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார்கள்.

எனக்குச் சேஸே சரியான தேர்வாகப் படுகிறது. தாக்குதல் வரிசையின் ஓட்டைகளைச் சந்தையில் அடைக்கலாம், அப்படியொரு ரிசீவரைச் சந்தையில் காண்பது அரிது. 2022 மார்ச்சில் பெங்கால்ஸ் அப்படித்தான் அலெக்ஸ் காப்பா, டெட் காரஸ், லாயெல் காலின்ஸ் மூவரையும் வாங்கியது. ஆனால் காலின்ஸ் டிசம்பரில் முழங்கால் காயத்தோடு வெளியேறினார், காப்பாவும் பிளேஆஃபின்போது ஆட முடியாமல் போனார். 2023 ஜனவரியில் கேன்சஸ் சிட்டியில் பர்ரோ ஐந்து முறை வீழ்த்தப்பட, அந்த ஆட்டத்தையும் அணி அதே 20-23 கணக்கில் இழந்தது.